கைத்தாங்கல்

ஆனி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் அக்கா மகன் லோகித்தை நான் தொங்கு தராசின் துணிப்பையில் உட்கார வைத்துக் கையை எடுத்தபோது, அவன் தராசுக்குக் கீழே தொங்காமல் தராசுக்கு மேலே போய் நின்றான், பையின் வார் விறைத்துக்கொண்டு மேலே பார்த்தது, முள் பூச்சியத்துக்குப் பின்னால் போக வழி தெரியாமல் நடுங்கிக்கொண்டு நின்றது, அவனோ உத்தரத்தில் ஒட்டியிருந்த பல்லியைப் பிடிக்க எட்டி எட்டிப் பார்த்தான்.

வரிசையில் நின்ற பெண்கள் யாரும் அதிசயப்படவில்லை. வைகாசி பாதியிலிருந்தே அவரவர் வீட்டுக்குள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று ஒருத்திக்கொருத்தி மறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். லோகித் மேலே போனதும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஜெபமணி மைனி, "அப்ப உங்க வீட்டுலயும் இப்படித்தானா" என்று கேட்டுவிட்டு, தன் மகள் ரூபிணியின் பாவாடைக்குள் கட்டியிருந்த அம்மிக்குழவியை அவிழ்த்துக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக அவிழ்த்தார்கள். ஒருத்தி மகனின் அரைஞாண் கயிற்றில் இரண்டு பூட்டுகள் தொங்கின, ஒருத்தி மகள் காலில் சைக்கிள் செயின் சுற்றியிருந்தது, ஒருத்தி பிள்ளையின் சட்டைப்பை இரண்டிலும் எடைக்கல். அரை மணி நேரத்தில் பத்தொன்பது பிள்ளைகள் கூரைத் தகரத்தில் முதுகை உரசிக்கொண்டு சிரித்துக் கிடந்தார்கள், கீழே நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் ஊர் ஆறுபாத்தி, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத நூற்றுப்பத்து வீடு. நாலு வருஷத்துக்கு முன்னால் நல்மடி அறக்கட்டளை என்று ஒன்று வந்து தகரக் கூரை போட்ட ஒரு மையம் கட்டியது, வாசலில் நீலத் துணியில் 'தாய்க்கும் சேய்க்கும் ஒரு கைத்தாங்கல்' என்று எழுதிக் கட்டியது, பெண்களுக்கு ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்தது, பெரிய பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் வைத்தது, இருபது தையல் மிஷின் இறக்கியது. நல்லது செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அவர்களுக்கு ஒரு விதி இருந்தது. மாதம் ஒருதரம் பிள்ளைகளை எடை பார்க்க வேண்டும், எடை வயதுக்குச் சரியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு. சிவப்புப் பிள்ளைக்குத்தான் சத்துமாவும் முட்டையும், சிவப்புப் பிள்ளையின் தாய்க்குத்தான் தையல் மிஷினில் இடம், சிவப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் மையத்தில் வேலை. பிள்ளை பச்சைக்குப் போய்விட்டால் கைதட்டி வாழ்த்துச் சொல்லி எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை தேறினால் குடும்பம் விழும், எங்கள் ஊரில் அதுதான் நடைமுறை.

எங்கள் அக்கா முப்பிடாதி பதினாறு வயதிலிருந்து உப்புப் பாத்தியில் நின்றவள். காரத்தண்ணீரில் நின்று நின்று அவள் இரண்டு பாதத்திலும் குழி விழுந்து, குழிக்குள் சதை தெரிந்தது. இனி அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அத்தான் வடக்கே லாரியோடு போனார், லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அதனால் நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். யாரும் என்னை நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன், படிப்பும் அப்படி ஒன்றும் எனக்கு ஓடவில்லை. லோகித் பிறந்தபோது நிஜமாகவே சிவப்புதான், கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். அவனால் அக்காவுக்கு மிஷின் கிடைத்தது, எனக்கு மையத்தில் எடை பார்க்கிற வேலை கிடைத்தது. ஒரு வயதுக்கு மேல் அவன் தேற ஆரம்பித்தான், கன்னம் வந்தது, தொடையில் மடிப்பு வந்தது, அதைப் பார்த்து அக்கா அடுத்த எடை நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நான் கைத்தாங்கல் கொடுத்தேன். எல்லாரும் கொடுத்துக்கொண்டிருந்ததுதான். பிள்ளை பையில் தொங்கும்போது அழாமல் இருக்கப் பாதத்தைப் பிடித்துக்கொள்வது போல உள்ளங்கையை அடியில் வைத்து ஒரு தூக்குத் தூக்கினால் முள் இரண்டு கிலோ இறங்கிவிடும். எங்கள் ஊர்ப் பெண்கள் தலையில் உப்புச் சுமந்தவர்கள், எவ்வளவு தூக்கினால் எவ்வளவு குறையும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். தாங்களே அதற்குக் கைத்தாங்கல் என்று பேர் வைத்தார்கள், வாசல் துணியில் இருந்த அதே சொல். பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பதால் நான் சொல்லாமல் எழுதி, தாய்க்கு மட்டும் காட்டுவேன், ஆகவே யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாது, எல்லாருக்கும் எல்லாரைப் பற்றியும் தெரியும். எங்கள் எப்சிபா மேடம், மையத்துக்குப் பொறுப்பானவர், நல்ல மனுஷி, பிள்ளை பையில் ஏறுகிற நேரம் பார்த்துச் சரியாகச் சுவர்ப்பக்கம் திரும்பி அட்டவணையில் தூசி தட்டுவார்.

பிள்ளைகள் மிதப்பதை ஊர் எப்படிச் செரித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் நாள் பூசாரி வந்து மையத்தைச் சுற்றி எலுமிச்சம்பழம் நறுக்கினார், மறுநாள் பாஸ்டர் வந்து தலையில் கைவைக்கப் பார்த்தார், தலை எட்டவில்லை, ஸ்டூல் போட்டு வைத்தார். டவுனிலிருந்து டாக்டர் வந்து பிள்ளைகளைக் கயிற்றில் இழுத்து மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நெஞ்சு பார்த்தார், ரத்தம் எடுத்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது, சளிகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் மெலியவில்லை, அதுதான் விஷயம். கை கால் கொழுகொழுவென்று அப்படியே இருந்தது, கனம் மட்டும்தான் போயிருந்தது. பூமி இழுக்கிறது, அதனால்தான் எடை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் பூமி கையை எடுத்துக்கொண்டது.

அப்புறம் வசதிகள் தெரிய ஆரம்பித்தன. தண்ணீர் லாரிக்கு ஓடும்போது பிள்ளையை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு ஓடலாம். தொட்டில் கட்ட வேண்டாம், கொடிக்கயிற்றில் துணியோடு துணியாகக் கவ்வி விட்டால் காற்றில் ஆடித் தானாகத் தூங்கும். அளத்துக் கங்காணி வேதமுத்து, "இனி பிள்ளையச் சாக்குச் சொல்லி லீவு கேக்காதிய, உப்பு வாருற பலகைக் கம்புல கட்டிட்டு வாருங்க, நெழலுக்கும் ஆச்சு" என்றார், சிரித்துக்கொண்டு சொன்னாலும் மூன்று பெண்கள் அப்படியே செய்தார்கள். எப்சிபா மேடம்தான் பாவம், பூச்சியத்துக்குக் கீழே எழுதக் கட்டம் இல்லையே என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார், சிவப்புக்குக் கீழே உள்ளதையும் சிவப்பாகவே கொள்ளவும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டு நான்கூடச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இனி எவ்வளவு தின்றாலும் பச்சைக்குப் போகாது, அக்கா காலுக்கு இனி ஆபத்தில்லை.

தையல் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாரச்சட்டை தைக்க ஆரம்பித்தார்கள். கீழ்மடிப்பை நாலு விரல் அகலத்துக்கு மடித்து, அறை அறையாகத் தைத்து, ஒவ்வொரு அறையிலும் கனத்துக்கு எதையாவது நிரப்பி மூடிவிட வேண்டும். எதை நிரப்புவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. ஆறுபாத்தியில் கைக்கு எட்டுகிற கனம் ஒன்றே ஒன்றுதான், மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, நாங்கள் பிறந்ததிலிருந்து சுமக்கிறது. உப்பை நிரப்பினோம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கதையைச் சொல்லவே எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் நோட்டில் முப்பத்தொரு பிள்ளைகள். மிதந்தது பத்தொன்பது. மீதிப் பன்னிரண்டும் சாதாரணமாகத் தரையில் விழுந்து எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு திரிந்தன. அந்தப் பன்னிரண்டு பேரும் யார் என்று பார்த்தேன், தாய்மார் கைத்தாங்கல் கொடுக்காதவர்கள். ஒன்று பிள்ளை நிஜமாகவே சிவப்பு, அல்லது தாய் பயந்தவள். பத்தொன்பது பேர் பக்கத்தையும் புரட்டினேன், எத்தனை மாதம் தூக்கினோமோ அத்தனை இரண்டு கிலோ. நாங்கள் குறைத்த அளவுதான் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். லோகித்துக்கு ஐந்து மாதம், பத்துக் கிலோ, அவன் முழு எடையும் போய்க் கொஞ்சம் அதிகம். இது தெரிந்தது செவ்வாய்க்கு அடுத்த வெள்ளிக்கிழமை. நோட்டை மூடி வைத்துவிட்டு அக்கா காலைப் பார்த்தேன், புண் ஆறித் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு நாள் சொல்லவில்லை.

ஆனி முடிய முடியத்தான் பெண்கள் மேற்கே பார்க்க ஆரம்பித்தார்கள். ஆடி பிறந்தால் கச்சான் காற்று, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து ஒரு மாதம் நிற்காமல் அடிக்கும், பாத்தித் தண்ணீரின் நுரையைப் பிய்த்துக்கொண்டு போய் ரோட்டில் உருட்டும், தகரத்தைத் தூக்கும், சேலையை உருவும். முதலில் யாரும் அதைப் பேசவில்லை. பேசாமலே கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வந்தது, ஜன்னலுக்கு மீன்வலை வந்தது, கொடிக்கயிறு உள்ளே போனது, பிள்ளையின் இடுப்புக்கும் தாயின் இடுப்புக்கும் நடுவில் ஒரு கயிறு வந்தது. குளிக்கும்போதும் கயிறு, தூங்கும்போதும் கயிறு. எங்கள் தெருவில் சிரிப்புச் சத்தம் நின்று போனது, பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும். கயிற்றைச் சுண்டிச் சுண்டி மேலே விடச் சொல்லி அழுதார்கள். அண்ணாந்து பார்க்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. அக்கா மிஷினை மிதிக்கும்போது அவனைத் தன் காலோடு கட்டிக்கொண்டாள், நான் நடக்கும்போது என் ஜடையோடு கட்டிக்கொண்டேன், தலை மேலே இழுபடுகிற அந்த வலி இருந்தால்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆடி நாலாம் தேதி, காலை ஒன்பது மணி, நல்ல வெயில். ரூபிணி பாரச்சட்டை போட்டுக்கொண்டு குழாயடியில் தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்து விளையாடினாள். இரண்டரை வயது, வாய் ஓயாத பிள்ளை. ஜெபமணி மைனி குடம் நிறைகிறதா என்று பார்க்கக் கயிற்றைக் கழற்றிக் குழாயில் மாட்டினாள், சட்டையில் மூன்று கிலோ உப்பு இருக்கிறதே என்ற தைரியம். மடிப்புக்குள் இருந்த உப்பு சத்தமில்லாமல் கரைந்தது. குழாயில் மாட்டிய முடிச்சு ஒரு சுருக்கு, அவ்வளவுதான். நான் நாலு அடி தூரத்தில் குடத்தோடு நின்றேன். ஈரச்சட்டை சொட்டச் சொட்ட அவள் எழுந்தாள், உட்கார்ந்தபடியே எழுந்தாள், கூரை உயரம் போனாள், அங்கே காற்று இருந்தது. காற்று அவளை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிக் கடல் பக்கம் திருப்பியது. அவள் அழவில்லை. "அம்மா, நான் போறேன், டாட்டா" என்று சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

மைனி ஓடினாள். நாங்கள் எல்லாரும் ஓடினோம், பாத்தி வரப்பு ஒடிய ஓடினோம், பின்னாலேயே வேதமுத்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். உப்புக் குவியல் மேல் ஏறி நின்று கையை நீட்டினோம். முதலில் சட்டையின் பூப்போட்ட துணி தெரிந்தது, பிறகு மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது, பிறகு காக்கை அளவு, பிறகு மிளகு அளவு, பிறகு வெயில். ஆறு படகு போனது. மூன்று நாள் தேடி, கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துத் தேடி, ஆறும் திரும்பி வந்தன.

அந்த மூன்று நாளும் ஊரில் யாரும் கதவைத் திறக்கவில்லை. காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் லோகித்தை அரிசிப் பானைக்குள் உட்கார வைத்து, மேலே வலை போட்டு, வலை மேல் நான் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலை ஜெபமணி மைனி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தலை பின்னவில்லை, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"ஏட்டி சந்தனமாரி, நோட்டு உன்கிட்டதான இருக்கு. எம்புள்ளைக்கு எத்தன மாசம் கொறச்சு எழுதுன?"

"ஏழு மாசம், மைனி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருவது நாளா," என்றேன். அடிப்பாள் என்று நின்றேன். அவள் அடிக்கவில்லை.

"நீ எழுதத்தான செஞ்ச," என்றாள். "தூக்குனது நான். மாசாமாசம் அடியில கைய வச்சுத் தூக்கித் தூக்கி விட்டேன்லா. அது போயிட்டு." பிறகு பானைக்குள் இருந்த லோகித்தைப் பார்த்தாள். "எல்லாரையும் மையத்துக்கு வரச் சொல்லு. இன்னைக்கே."

கயிறு கட்டி, பிள்ளையைச் சேலைக்குள் போட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நடந்து எல்லாரும் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டோம். எப்சிபா மேடம் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பப் போனார், மைனி அவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், மரியாதையாகத்தான் திருப்பினாள். பிறகு எங்களைப் பார்த்து, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் நிஜமான எடையை வாய்விட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, மேடம் எழுதுகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்றாள். தராசுதான் பூச்சியம் காட்டுகிறதே, எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். "உன் இடுப்புக்குத் தெரியாதாக்கும்" என்றாள் மைனி.

கண்பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், மிஷின் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், தலைக்கு மேல் தகரத்தை நகத்தால் பிராண்டுவதுபோலக் காற்று. கடைசியில் கோமு என்கிறவள், அதிகம் பேசாதவள், மகனை இழுத்து இடுப்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "பத்தேகால்" என்றாள். அவள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பையன் கனத்தான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், மேடம் பத்தேகால் என்று எழுதிப் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டார். பிறகு வரிசையாகச் சொன்னார்கள். ஒன்பதரை, பதினொன்று, எட்டேமுக்கால். ஒருத்தி பழைய புத்தியில் ஒரு கிலோ குறைத்துச் சொன்னாள், அவள் மகள் தரையில் நிற்காமல் பந்து மாதிரி மெல்லக் குதித்துக்கொண்டே இருந்தாள், எல்லாரும் அவளையே பார்க்க, "சரி தாயி, பத்து, போதுமா" என்று கத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை பயத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

கடைசியாக லோகித். அக்கா அவனைக் கையில் வாங்கினாள். "எனக்குத் தெரியாது," என்றாள். "நான் பாத்தியில நின்னேன், பொறவு மிஷின்ல உக்காந்தேன். தூக்கிச் சுமந்தது இவதான்."

அவனை என் கையில் கொடுத்தாள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது. ஐந்து மாதமாக நான் தராசைக் கையை வைக்காமல் பார்த்ததே இல்லை, என்னுடைய ஒவ்வொரு எண்ணிலும் என் கை இருந்தது. அக்கா காலைப் பார்த்தேன், புதுத் தோல். ஏழரை என்று சொன்னால் சிவப்பு, ஆனால் அரைகுறைக் கனத்தோடு அவனை இந்தக் காற்றில் எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒன்பது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கனக்கவில்லை, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மேலே மேலே மிதந்தான். ஒன்பதரை என்றேன். அதற்கும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூரையின் ஒரு மூலைத் தகரம் பிய்ந்துகொண்டு போனது, வெள்ளையாக வானம் தெரிந்தது, காற்று உள்ளே வந்து நோட்டைப் புரட்டியது, லோகித் அந்த ஓட்டையைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தான்.

"ஏட்டி, நம்பரச் சொல்லாத," என்றாள் அக்கா. "எப்படி இருப்பான்னு சொல்லு."

அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். லீவு நாளில் நான் சுமந்த அரைக் கடகப்பெட்டி ஈர உப்பு, அதுக்கு மேல ஒரு கை. குழாயடியிலிருந்து மையம் வருவதற்குள் இடது இடுப்பு மரத்துப்போகும், வலது பக்கம் மாற்றினால் சிணுங்குவான், மறுபடி இடது பக்கம் மாற்ற வேண்டும். தூங்கிவிட்டால் இரண்டு மடங்கு. எங்க அக்கா காலுக்காகத்தான் அவனைக் கொறச்சேன். அவன் சிவப்பு இல்ல, நல்லா இருக்கான், நல்லாக் கொழுத்து இருக்கான், எல்லாரும் கேட்டுக்கோங்க.

என் தோள் இறங்கியது. முட்டி மடங்கியது. கொழுத்த பிள்ளை ஒன்று மேலிருந்து என் மேல் விழுந்தது, என் உதடு கிழிந்தது. மேடம் அவனைத் தராசில் மாட்டினார், நாங்கள் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு விலகி நின்றோம். ஒன்பதேமுக்கால். பச்சை.

பதினெட்டுப் பெண்களின் மிஷினும் அந்த வாரமே போனது, விதி விதிதான். எப்சிபா மேடம் விதியை மாற்றச் சொல்லி எட்டுப் பக்கம் எழுதினார், அதில் தான் சுவர்ப்பக்கம் திரும்பியதையும் எழுதினார், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அக்கா பதினொரு நாள் பாத்தியில் நின்றாள். புது ஆள் போடுகிறவரை எடை பார்க்கிற வேலையை நானே பார்க்க வேண்டும் என்றார்கள், அதனால் பகலில் எடை, சாயங்காலம் அவள் காலுக்கு மருந்து. பன்னிரண்டாம் நாள் ஜெபமணி மைனி வந்து, தன் மிஷினில் அக்காவை உட்காரச் சொன்னாள். ரூபிணிக்கு அந்த மாதம் எடை எழுதவில்லை, எழுதாததால் நிறம் மாறவில்லை, மிஷின் அவள் பேரில்தான் இருந்தது. "சும்மா கெடக்குலா," என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யி. வருஷத்துக்கு ஒரு சட்டை அவளுக்குத் தைச்சு வையி. உப்பு மடிப்பு வைக்காத. வளந்துட்டுதான வருவா."

இப்போது ஆறுபாத்தியில் எடை பார்க்கிற முறையே வேறு. பிள்ளை பையில் ஏறியதும் தாய் உட்பட அறையில் இருக்கிற எல்லாரும், மேடமும் நானும்கூட, இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவோம், யார் கையும் அடியில் இல்லை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். பிறகு எடையை உரக்கச் சொல்வேன். கண்பட்டால் படட்டும். எல்லாரும் முடிந்த பிறகு, தராசு காலியான பிறகு, ஜெபமணி மைனி அதன் பக்கத்தில் வந்து நின்று ரூபிணியின் எடையைச் சொல்வாள். முதல் மாதம் பதினொன்று என்றாள். அடுத்த மாதம் பதினொன்றேகால். போன செவ்வாய்க்கிழமை பதிமூன்றரை சொன்னாள். பிள்ளை வளருமில்லையா. மாற்றிப் போட்ட புதுத் தகரம் காற்றில் படபடக்கும், காலிப் பை ஆடும், எல்லார் கையும் அப்போதும் மேலேயே இருக்கும்.

முள்ளைப் பார்ப்பது என் வேலை, பார்க்கிறேன். இதுவரை அது நகரவில்லை. தூக்கிய கையை இன்னும் ஒருத்தியும் முதலில் இறக்கியதும் இல்லை.